மெல்லிய சுவர் ஏன் உருகவில்லை?

"அரசு, ஐஐடி, கம்பெனி மூன்றும் சேர்ந்து ராக்கெட் விட்டார்கள் என்கிறார்களே, இதில் யார் என்னதான் செய்தார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். 2024 மே 30 காலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய அக்னிகுல் நிறுவனத்தின் ராக்கெட்டைத்தான் சொல்கிறார். பதில் சொல்வதற்கு முன் அதன் எஞ்சினுக்குள் ஒருமுறை போய் வரவேண்டும்.

மண்ணெண்ணெய் வகை எரிபொருளும் திரவ ஆக்சிஜனும் சேர்ந்து எரிகின்றன, வாயு கீழே பீறிடுகிறது, ராக்கெட் மேலே போகிறது. இது பள்ளியில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதி. என்னை மயக்குவது எஞ்சினின் சுவர். உள்ளே எரியும் வாயு 3,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சுவரோ இன்கோனல் என்ற நிக்கல் உலோகக் கலவை. 1,400 டிகிரிக்குக் கீழேயே உருகிவிடும். அப்படியானால் சுவர் எப்படி நிற்கிறது?

காகிதக் கப்பில் தண்ணீர் ஊற்றி மெழுகுவத்திச் சுடரில் காட்டிப் பாருங்கள். தண்ணீர் சூடாகும், காகிதம் எரியாது. காகிதத்துக்கு வரும் சூட்டைத் தண்ணீர் உடனுக்குடன் வாங்கிக்கொள்கிறது. கப் தடித்த அட்டையாக இருந்தால் சூடு தண்ணீரைச் சேர்வதற்குள் வெளிப்புறம் கருகிவிடும். எஞ்சினிலும் அதே கதைதான். தீயைத் தொடும் சுவர் மெல்லியதாக இருந்தால்தான் பிழைக்கும். அதன் பின்னால் நுண்ணிய கால்வாய்கள் ஓடுகின்றன. எரிபொருள் முதலில் அவற்றில் பாய்ந்து சுவரைக் குளிர்வித்து, வாங்கிய சூட்டையும் எடுத்துக்கொண்டு எரியறைக்குள் போகிறது. எஞ்சினின் குறுகிய கழுத்தில்தான் சூட்டின் தாக்குதல் உக்கிரம். அங்கே கால்வாயையும் குறுக்கிவிடுவார்கள். எரிபொருள் வேகமாக ஓடும், அதிகச் சூட்டை அள்ளிச் செல்லும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

முன்பெல்லாம் உலோகத்தில் பள்ளம் வெட்டி மூடுவார்கள், அல்லது குழாய்களை வரிசையாகப் பற்றவைப்பார்கள். ஒவ்வொரு இணைப்பும் கசிவுக்கு ஓர் இடம். அக்னிகுல் தன் எஞ்சினை முப்பரிமாண அச்சுமுறையில் (3D பிரிண்டிங்) ஒரே துண்டாக எடுத்தது. லேசர் உலோகப் பொடியை அடுக்கடுக்காக உருக்க, சுவரோடு சேர்ந்தே கால்வாயும் வளர்கிறது. அப்புறம் உள்ளே தங்கிய பொடியை முழுவதும் வெளியேற்ற வேண்டும். அடைத்துக்கொண்ட கால்வாயில் எரிபொருள் ஓடாது. அந்த இடத்தில் சுவர் உருகும்.

சரி, கேள்விக்கு வருவோம். ஸ்ரீநாத் ரவிச்சந்திரனும் மொயினும் 2017-இல் நிறுவனத்தைத் தொடங்கியபோது கைகொடுத்தவர் சென்னை ஐஐடியின் எரிதல் ஆய்வுப் பேராசிரியர் சத்யநாராயணன் சக்கரவர்த்தி. அங்குள்ள தேசிய எரிதல் ஆய்வு மையம் அதற்கு முன்பே மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதியில் வளர்ந்தது. 2020-இல் அரசு விண்வெளித் துறையைத் தனியாருக்குத் திறந்தது. இஸ்ரோவின் வளாகத்துக்குள்ளேயே அக்னிகுல் தன் ஏவுதளத்தைக் கட்டிக்கொண்டது. நான்கு முறை கைவிடப்பட்ட ஏவுதல் ஐந்தாவது முயற்சியில் நடந்தது.

இந்த வரிசையில் அரசின் பணம் முதலில் வந்ததைக் கவனியுங்கள். எரியறைக்குள் சுடர் ஏன் திடீரென அதிரத் தொடங்குகிறது என்ற கேள்விக்கு எந்தக் கம்பெனியும் பத்து வருடம் சம்பளம் கொடுக்காது. அதை அரசுதான் கொடுக்க வேண்டும். அதனால்தான் 'உடனடிப் பயன் என்ன?' என்று கேட்டு ஆய்வு நிதியைக் குறைப்பவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது.