கர்ப்பப்பைக்குக் கண் இருக்கிறதா?

செங்கோட்டை பக்கம் புளியரையில் இருக்கும் ஒரு அக்கா போனில் கேட்ட கேள்வி இது. மகளைப் புனலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார், தலைப்பிரசவம், வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒருநாள் ராத்திரி ஒரு மணிக்கு இடுப்பு வலி. சூட்டு வலியா நிஜ வலியா என்று பார்க்கச் சீரகக் கஷாயம் கொடுத்திருக்கிறார், அடங்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் வந்ததும் கார் பிடித்துத் தென்காசிக்குப் போய்விட்டார்கள். அங்கே லேபர் வார்டில் படுக்கவைத்து, வயிற்றில் பெல்ட் கட்டி, அம்மாவை வெளியே நிறுத்திவிட்டு, பளீரென்ற வெளிச்சத்தில் முன்பின் தெரியாத நாலு பேர் மாறி மாறி வந்து பார்த்த அரை மணி நேரத்தில் வலி போன இடம் தெரியவில்லை. "சூட்டு வலிதான், போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டு வாசற்படி ஏறி, ஒரு வாய் கஞ்சி குடித்து, தன் பாயில் சாய்ந்ததும் மறுபடி வலி.

"ஏன் தம்பி, கர்ப்பப்பைக்குக் கண்ணா இருக்கு, ஆஸ்பத்திரியைப் பார்த்ததும் பயந்து ஒளிஞ்சுக்கிறதுக்கு?"

கண் இல்லை. ஆனால் அக்கா பாதிக்கு மேல் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கர்ப்பப்பை ஒரு தசைப் பை. கர்ப்பம் முழுக்க அதை அமைதியாக வைத்திருப்பது புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன். கடைசி வாரங்களில் அதன் பிடி தளர்கிறது, கர்ப்பப்பை வாய் மெத்தென்று ஆகிறது, பிறகு வலி, வாய் பத்து சென்டிமீட்டர் திறப்பது, குழந்தை, நஞ்சுக்கொடி. இவ்வளவுதான் பாடப்புத்தகம். எனக்குப் பிடித்த சங்கதி இதற்கு நடுவில் இருக்கிறது.

கர்ப்பப்பைத் தசையில் இருக்கும் கோடிக்கணக்கான செல்கள் பல மாதமாக ஒன்றுக்கொன்று அதிகம் பேசிக்கொள்வதில்லை. அங்கே ஒன்று சுருங்கும், இங்கே ஒன்று சுருங்கும், திருவிழாக் கூட்டம் மாதிரி, ஆள் நிறைய இருந்தாலும் தேர் நகராது. பேறுகாலம் நெருங்கும்போது பக்கத்துப் பக்கத்துச் செல்களுக்கு நடுவே நுண்ணிய புரதக் குழாய்கள் திடீரென்று பெருகுகின்றன. கனெக்சின் 43 என்பது அந்தப் புரதத்தின் பெயர். அதன் வழியாக மின் சமிக்ஞை ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது, மொத்தத் தசையும் ஒரே உடம்பாக இழுக்கத் தொடங்குகிறது. வடம் கைக்கு வந்துவிட்டது, இனி யாராவது குரல் கொடுக்க வேண்டும்.

குரல் கொடுப்பது ஆக்சிடோசின் என்னும் ஹார்மோன். 1906-ல் ஹென்றி டேல் மாட்டின் பிட்யூட்டரிச் சாறு (மூளைக்கு அடியில் தொங்கும் சுரப்பி அது) பூனையின் கர்ப்பப்பையைச் சுருங்கவைப்பதைக் கவனித்தார். 1953-ல் வின்சென்ட் டு விக்னோ அந்தச் சாற்றில் இருந்த ஆக்சிடோசினை ஆய்வகத்திலேயே செய்து காட்டினார், 1955-ல் நோபல் பரிசு. மொத்தமே ஒன்பது அமினோ அமிலங்கள், ஒன்பது மணி கோத்த சின்ன மாலை. இன்று லேபர் வார்டில் "வலி வர ட்ரிப்ஸ்" என்று ஏற்றுகிறார்களே, அது இதே மாலைதான், தொழிற்சாலையில் கோத்தது.

நம் உடம்பில் இருக்கும் ஏற்பாடுகளில் பெரும்பாலானவை ஃபிரிட்ஜ் மாதிரி. குளிர் அதிகமானால் தானே நின்றுவிடும், குறைந்தால் ஓடும். சர்க்கரை, உடம்புச் சூடு, ரத்த அழுத்தம் எல்லாம் இப்படித்தான், கூடினால் குறைக்கும், குறைந்தால் கூட்டும். பிரசவம் இதற்கு நேர் எதிர். கொடை விழாவில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் ஊஊய் என்று ஒரு ஊளை வருமே, ஸ்பீக்கர் சத்தத்தை மைக் வாங்கி, இன்னும் பெரிதாக ஸ்பீக்கருக்கே அனுப்பி, அதை மறுபடி மைக் வாங்கி, அந்த மாதிரி. குழந்தையின் தலை கர்ப்பப்பை வாயை அழுத்துகிறது. அந்த இழுவிசையை நரம்புகள் மூளைக்குச் சொல்கின்றன. மூளை பிட்யூட்டரி வழியாக ஆக்சிடோசின் விடுகிறது. கர்ப்பப்பை சுருங்கித் தலையை இன்னும் அழுத்துகிறது. இன்னும் இழுவிசை, இன்னும் ஆக்சிடோசின். 1941-ல் ஃபெர்குசன் முயல்களில் இதைக் காட்டியதால் இதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இந்தச் சுழல் அடங்க ஒரே வழி, மைக்கை எடுத்துவிடுவது, அதாவது குழந்தை வெளியே வந்துவிடுவது. எப்போது நிறுத்த வேண்டும் என்று தனியாக ஒரு சுவிட்ச் தேவையில்லை. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, நிஜமாகச் சொல்கிறேன்.

இதில் ஒரு பலவீனமும் இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிடோசினின் ஆயுள் சில நிமிடங்கள்தான். மூளை அதை விட்டுவிட்டுத் துடிப்புத் துடிப்பாக அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சுழல் வேகம் பிடித்துவிட்டால் லேசில் நிற்காது, ஆனால் ஆரம்ப மணி நேரங்களில் அது காற்றில் ஏற்றிய அகல் விளக்கு.

அந்தக் காற்றின் பெயர் அட்ரினலின். பயந்தால், கூசினால், அந்நிய இடத்தில் மாட்டிக்கொண்டால் சுரப்பது. கர்ப்பப்பைத் தசையில் பீட்டா-2 என்னும் ஏற்பிகள் இருக்கின்றன, அட்ரினலின் அவற்றில் போய் உட்கார்ந்தால் தசை தளர்ந்துவிடும். ஊகம் என்று நினைக்க வேண்டாம், மருத்துவர்கள் தினமும் பயன்படுத்தும் வழி இது. மாதம் நிறையாமல் வலி வந்தால் அதை நிறுத்தக் கொடுக்கும் ஐசாக்சுப்ரின், டெர்பூட்டலின் போன்ற மருந்துகள் அதே பீட்டா ஏற்பிகளைத்தான் தட்டுகின்றன. டெர்பூட்டலின் ஆஸ்துமாவுக்கும் கொடுப்பது, மூச்சுக்குழாய்த் தசையிலும் இதே ஏற்பிதான். (உடனே யாரும் இருமல் மருந்துப் பாட்டிலைத் தூக்க வேண்டாம்.) அக்கா மகளின் உடம்பு, ஆஸ்பத்திரி வெளிச்சத்தில், தனக்குத் தானே ஒரு டோஸ் போட்டுக்கொண்டிருக்கலாம்.

எல்லா நின்றுபோன வலியும் இப்படி அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். சூட்டு வலி என்பது உண்மையிலேயே உண்டு, 1872-ல் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் விவரித்தது, வாய் திறக்காமல் சும்மா வந்து போகும். ஒரு போன் பேச்சில் இது அதுவா இதுவா என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது, அந்த நர்ஸம்மா சொன்னது சரியாகவும் இருந்திருக்கலாம்.

ஆனால் பயம் வலியை நிறுத்தும் என்பது விலங்குகளில் நன்றாகவே பார்க்கப்பட்டது. 1960-களில் நைல்ஸ் நியூட்டன் ஈனும் நேரத்தில் எலிகளைத் தொந்தரவு செய்து பார்த்தார், பிரசவம் இழுத்துக்கொண்டே போனது. எங்கள் பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. பசு கன்று போடும்போது கூட்டம் கூடாதே, எட்டி நில் என்று என் ஆச்சி விரட்டுவார். காட்டில் யோசித்துப் பாருங்கள், புலி வாசனை வந்ததும் பிரசவத்தை நிறுத்திவிட்டு ஓட முடிந்த மானின் வம்சம்தான் மிஞ்சியிருக்கும்.

இப்போது மருத்துவச்சிக்கு வருவோம். மலை இறங்கி ஆரியங்காவு தாண்டிக் கேரளப் பக்கம் போய்விட்டால் வயற்றாட்டி என்பார்கள், இந்தப் பக்கம் மருத்துவச்சி. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும்தானே இருந்தது, அதனால் எங்கள் பெரியவர்கள் வாயில் இரண்டும் வரும். என் அம்மாவுக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி என்ன செய்தார் என்று கேட்டால் அம்மா சொல்லும் பட்டியல் ரொம்பச் சாதாரணம். விளக்கைத் தணித்தார், இடுப்பை நீவிவிட்டார், தோளைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னார், கஞ்சி கொடுத்தார், ஊர்க் கதை பேசினார், போகாமல் கூடவே இருந்தார். சின்ன வயதில் எனக்கு இது ஏமாற்றமாக இருக்கும், ஒரு வித்தையும் இல்லையே என்று. இப்போது பார்த்தால் அந்தப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொன்றும் அட்ரினலினைக் கீழே வைக்கும் வேலை. நடப்பதும் நிமிர்ந்திருப்பதும் கூடுதலாகத் தலையை வாய் மீது அழுத்தவைக்கும், மைக்கை ஸ்பீக்கர் பக்கம் நகர்த்துவது மாதிரி.

திருச்சி மலைக்கோட்டை தாயுமானவர் கதை எல்லோருக்கும் தெரியும். காவிரியில் வெள்ளம், பெண்ணுக்குப் பேறுகாலம், தாய் அக்கரையில் மாட்டிக்கொண்டாள், சிவனே அந்தத் தாயின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தார். நான் கோயிலுக்கு அதிகம் போகிறவன் இல்லை, ஆனாலும் இந்தக் கதையை உண்டாக்கினவர்களுக்கு ஒரு கும்பிடு. சர்வ வல்லமையும் உள்ளவர் ஒரு கண்ணசைவில் காரியத்தை முடித்திருக்கலாம், அல்லது வெள்ளத்தை வடியவைத்திருக்கலாம். தெரிந்த முகத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அறிவியல் இதை அளந்து பார்த்தது 1980-ல்தான். குவாத்தமாலாவில் ஒரு நெரிசலான அரசு மருத்துவமனையில், தனியாகப் பிரசவ வலி பட்ட பெண்களையும், ஒரு சாதாரணப் பெண் கூடவே இருந்து முதுகைத் தடவிப் பேச்சுக் கொடுத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். சேர்ந்ததிலிருந்து குழந்தை பிறக்கும் வரை தனியாக இருந்தவர்களுக்குச் சராசரி 19.3 மணி நேரம், துணை இருந்தவர்களுக்கு 8.8. சின்ன ஆய்வு, ஒவ்வொரு பக்கமும் இருபது பேர்தான், இதை மட்டும் வைத்து ஆட வேண்டாம். ஆனால் 2017-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 17 நாடுகளின் 26 ஆய்வுகளை, 15,000-க்கும் அதிகமான பெண்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தபோதும் தொடர்ந்து துணை இருந்தவர்களுக்கு வலி நேரம் குறைவு, சிசேரியன் ஏறக்குறைய கால்வாசி குறைவு.

கால்வாசி! ஒரு மாத்திரை இதைச் செய்திருந்தால் அந்தக் கம்பெனி பங்கு எங்கேயோ போயிருக்கும். கையைப் பிடித்துக்கொள்வதற்குக் காப்புரிமை கிடையாது, அதனால் அதில் பணம் போடக் கம்பெனிகளுக்கு ஆசையும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 44.9 சிசேரியன், கேரளத்தில் 38.9. இதில் உயிர் காத்தவை நிறைய இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு மக்கள்தொகையில் 10 சதவீதத்தைத் தாண்டிச் சிசேரியன் கூடுவதால் தாய் சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே சொல்லிவிட்டது. புது இயந்திரம் வாங்க டெண்டர் விடும் வேகத்தில் லேபர் வார்டில் ஒரு திரையும், அம்மாவுக்கு ஒரு நாற்காலியும் போட்டிருக்கலாம் என்பது என் கட்சி. பிரசவ அறையில் ஒரு பெண் துணைக்கு இருக்கலாம் என்று மத்திய அரசு 2016-ல் வழிகாட்டுதலே கொடுத்திருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

இதைப் படித்துவிட்டு யாராவது வீட்டிலேயே பெற்றுக்கொள்கிறேன் என்று கிளம்பினால் நான் பொறுப்பில்லை, சொல்லப்போனால் கோபம்தான் வரும். 2018-ல் திருப்பூரிலும், 2025-ல் மலப்புரத்திலும் வீட்டுப் பிரசவத்தில் தாய் இறந்த செய்தி மறந்திருக்காது. காரணம் இதே தசைதான். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் ஓடுகிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் அந்தக் குழாய்கள் வாய் திறந்து நிற்கும். குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தசை நார்கள் இறுகி ஒவ்வொரு குழாயையும் சுருக்குப் பை மாதிரி இழுத்து மூட வேண்டும். தசை களைத்துப்போய் இறுகாவிட்டால் அம்மாவைக் காப்பாற்ற நிமிடங்கள்தான் இருக்கின்றன, அப்போது வேண்டியது ஊசி, ரத்தம், டாக்டர். பழைய மருத்துவச்சிகளிடம் இது எதுவும் இல்லை. சுத்தம் செய்யாத அரிவாள்மனையால் கொடி அறுத்து, பிறந்த ஏழெட்டு நாளில் வாய் பூட்டிக்கொண்டு டெட்டனஸில் போன பிள்ளைகளும் அந்தக் காலத்தில்தான் உண்டு. அவர்களைத் திட்டுவதை விட்டுப் பயிற்சி கொடுக்கலாம் என்று யோசித்தவர் திருவிதாங்கூரின் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ். வயற்றாட்டிகளின் குடும்பத்துப் பிள்ளைகளையே அழைத்து மருத்துவச்சிப் படிப்புக் கொடுத்தார். இன்று இந்திய அரசு அதே யோசனைக்குச் சுற்றி வந்திருக்கிறது, 2018-லிருந்து நர்ஸ்களுக்குப் பதினெட்டு மாத மிட்வைஃப் பயிற்சி. ஆச்சியின் பொறுமையும் ஆக்சிடோசின் ஊசியும் ஒரே கையில் இருப்பதுதான் எனக்கு வேண்டியது.

நட்சத்திரம் பார்த்துச் சிசேரியனுக்கு நேரம் குறிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எலிகளில் குட்டியின் நுரையீரல் முதிர்ந்ததும் அதிலிருந்து ஒரு புரதம் பனிக்குட நீரில் கலந்து, பிரசவத்தைத் தொடங்கச் சொல்லும் செய்தியாகப் போகிறது என்று 2004-ல் கண்டுபிடித்தார்கள். மனிதர்களில் கதை இன்னும் சிக்கல், ஆனால் 39 வாரத்துக்கு முன்பே தேவையில்லாமல் எடுக்கும் குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் அதிகம் என்பது தெளிவு. நுரையீரல் தயாரா என்று ஜோசியருக்கு எப்படித் தெரியும்?

புளியரை அக்காவின் மகளுக்கு மறுநாள் வலி வலுத்தது, பனிக்குடம் உடைந்தது, திரும்பத் தென்காசி. இந்த முறை அக்கா கேட்டுப் பார்த்திருக்கிறார், டூட்டியில் இருந்த வேறொரு சிஸ்டர் உள்ளே விட்டுவிட்டார், இவர் மகளின் இடுப்பை நீவிக்கொண்டே பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்லியிருக்கிறார். பேத்தி பிறந்தது செவ்வாய்க்கிழமை மூணே முக்காலுக்கு, சுத்தமான ராகு காலம். அதைப் பற்றி அக்கா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை அழுத சத்தம் கேட்டாலே மகளுக்குப் பால் தானாகக் கசிகிறதே, அது எப்படி என்றுதான் அடுத்த கேள்வி. அதுவும் அந்த ஒன்பது மணி மாலைதான் அக்கா.