கூரையில் வெயில், மில்லில் இருட்டு

இந்த மாதம் இது நாலாவது அழைப்பு. சம்மாந்துறையில் ஒரு அரிசி மில். பகல் பதினொரு மணி. "தம்பி, வெயில் எரிக்குது, கூரை முழுக்க சோலார் கிடக்கு, மில்லுல ஒரு பல்பும் எரியுதில்ல!"

போனேன். ட்ரையர் நின்றுவிட்டது. உள்ளே அவித்த நெல் சூட்டோடு கிடக்கிறது. ஒரு பிடி அள்ளினேன், கையில் ஈரம் ஒட்டியது. இப்படியே இருந்தால் அரிசி நிறம் மாறிவிடும். இன்வெர்ட்டரில் சிவப்பு லைட். பழுது ஒன்றும் இல்லை ஹாஜியார், லைனில் கரண்ட் இல்லை, அவ்வளவுதான் என்றேன். அவர் நம்பவில்லை.

எத்தனை முறைதான் சொல்வது? நீங்கள் போட்டிருப்பது பொது மின்சார லைனோடு சேர்ந்து ஓடுகிற சோலார். லைன் போனால் அதுவும் நிற்கும். நிற்கத்தான் வேண்டும். லைனில் கரண்ட் இல்லை என்று நம்பி ஒருவர் கம்பத்தில் ஏறியிருப்பார். உங்கள் கூரையிலிருந்து கரண்ட் அந்தக் கம்பிக்குப் போனால் அவர் கதி என்ன? அதற்காகத்தான் இன்வெர்ட்டர் தானாகவே கழன்றுகொள்கிறது. அதை முடக்கித் தருகிறேன் என்று எவராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2025 பெப்ரவரி 9ஆம் தேதி இலங்கை முழுக்க கரண்ட் போனதும் நல்ல வெயில் நேரத்தில்தான். பற்றரி இல்லாத சோலார்க்காரரும் அன்று பக்கத்து வீட்டாரோடு சேர்ந்துதான் வியர்த்தார்.

பில் குறையும், அது உண்மை. மில் ஓடாது.

ஓட வேண்டுமா? பற்றரியும், லைன் இல்லாமலே தனியாக ஓடக்கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டரும் வேண்டும். செலவு அதிகம்தான். அதனால் மில் முழுவதையும் அதில் கொடுக்காதீர்கள். நின்றால் நட்டம் வருகிற மோட்டர்களை மட்டும் பிரித்துக் கொடுங்கள். "30 குதிரைவலு, 22 கிலோவாட்தானே" என்று கணக்குப் போடுகிறார்கள். நேரடியாக ஸ்டார்ட் பண்ணினால் முதல் சில விநாடி ஆறேழு மடங்கு கரண்ட் இழுக்கும், இன்வெர்ட்டர் படுத்துவிடும். மோட்டரை மெதுவாக வேகம் ஏற்றி ஸ்டார்ட் பண்ணும் விஎஃப்டி என்ற கருவியைப் போடுங்கள்.

ஜெனரேற்றரோடு சோலாரைச் சும்மா இணைக்க வேண்டாம். லோட் குறைந்தால் மிச்சக் கரண்ட் ஜெனரேற்றருக்குள் திரும்பும். அதைத் தடுக்கும் கன்ட்ரோலர் அவசியம்.

மில்காரர்களே, பனலில் உமித்தூசி படிந்தால் விடியற்காலையில் கழுவுங்கள், உச்சி வெயிலில் சூட்டுக் கண்ணாடியில் தண்ணீர் அடிக்காதீர்கள். வாழைச்சேனை, ஒலுவில் பக்கம் ஐஸ் ஆலை வைத்திருப்பவர்கள் பனலைப் பொருத்த இரும்பு ஆணிக்கு ஆசைப்பட வேண்டாம், உப்புக்காற்று தின்றுவிடும்.

அப்புறம் ஒன்று, தயவாகக் கேட்கிறேன். பற்றரியோடு சோலார் போட்டால், கடைசித் தவணைக் காசைக் கொடுக்கும் முன், உங்கள் கண்முன்னே மெயின் சுவிட்சை இறக்கச் சொல்லுங்கள். ட்ரையர் மோட்டர் ஓடுகிறதா என்று கிட்ட நின்று பாருங்கள்.