சேற்றுப் புண்ணும் ஸ்டீராய்டு மாத்திரையும்

குறுவை நடவு தொடங்கிவிட்டால் எங்கள் புறநோயாளிகள் பிரிவில் கால் புண்கள் பெருகிவிடும். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு, வயலில் நத்தை ஓடு கிழித்த காயம் ஒரு நெல்மணி நீளம்தான். பாதமோ முழுவதும் வீங்கி, தோல் பளபளவென்று இழுத்துக் கட்டியதுபோல் இருந்தது. "மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டேன், ரெண்டு நாள் வீக்கம் வத்துச்சு டாக்டர், திரும்ப ஏறிடுச்சு" என்றார். அவர் காட்டிய அட்டையில் இருந்தது டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு.

அந்த வீக்கம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் அதை இப்படி அமுக்கத் தோன்றாது. சேற்றில் வாழும் பல பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் எல்.பி.எஸ். என்ற கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொருள் உண்டு. கிருமி செத்து உடைந்தாலும் இந்தப் பொருளின் வீரியம் போவதில்லை. நம் செல்கள் டி.எல்.ஆர். 4 என்ற ஏற்பி வழியாக அதை உணர்ந்ததும், அருகிலுள்ள நுண்சிரைகளின் உட்சுவர் சில மணி நேரத்தில் செலக்டின் போன்ற ஒட்டுப் புரதங்களை வெளியே நீட்டுகிறது. ஓடும் இரத்தத்தில் போகும் வெள்ளணுக்கள் அவற்றில் தட்டி, உருண்டு, வேகம் குறைந்து, இறுக ஒட்டி, சுவர்ச் செல்களின் இடுக்கு வழியே உடலை நெளித்து வெளியேறுகின்றன. அதன் பிறகு, பாக்டீரியாப் புரதங்களின் தொடக்கத் துணுக்குகளை மோப்பம் பிடித்ததுபோல் பின்தொடர்ந்து கிருமியை அடைகின்றன. வீக்கம் இந்தப் போராட்டத்தின் அடையாளம்தான். தவளையின் இரத்தக் குழாயிலிருந்து வெள்ளணுக்கள் வெளியேறுவதை ஜெர்மானியரான கோன்ஹைம் 1867இலேயே நுண்ணோக்கியில் கண்டு எழுதியிருக்கிறார்.

ஸ்டீராய்டு இந்த ஒட்டுதலைத்தான் தடுக்கிறது. வெள்ளணுக்கள் இரத்தத்திலேயே தங்கிவிடுவதால் பரிசோதனையில் எண்ணிக்கை கூடித் தெரியும். புண்ணிலோ ஆள் குறைந்து, வீக்கம் வற்றியதுபோல் காட்டி, உள்ளே கிருமி பெருகும். அந்த அம்மாவுக்குச் சர்க்கரையும் இருந்தது, அது தனியாகவே வெள்ளணுக்களின் நகர்வை மந்தப்படுத்தும். அன்றே கீறிச் சீழை எடுத்தோம்.

கிருமிப் பொருள்கள் இரத்தத்தில் பரவிவிட்டால் நிலைமை தலைகீழாகும். உடலெங்கும் குழாய்ச் சுவர்கள் தூண்டப்பட்டு, வெள்ளணுக்கள் நுரையீரலின் நுண்குழாய்களில் போய்ச் சிக்கிக்கொள்ள, புண்ணுக்குப் போக வேண்டியவை குறைந்துபோகும். சுவர்கள் கசிந்து இரத்த அழுத்தமும் இறங்கும். கால் புண்ணோடு குளிர் நடுக்கம், மூச்சிரைப்பு, சிறுநீர் குறைதல், பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் 108ஐ அழையுங்கள்.