சளி சிரப்புக்குள் ஒளிந்திருக்கும் காய்ச்சல் மருந்து

மும்பையில் மழை பிடித்துவிட்டால் தாராவி, சயான், மாட்டுங்கா மருந்துக்கடைகளில் குழந்தைக்காக "காய்ச்சலுக்கு ஒண்ணு, சளிக்கு ஒண்ணு" என்று இரண்டு பாட்டில் வாங்குவது சகஜம். சளி பாட்டிலைத் திருப்பிப் பொடியெழுத்தைப் படியுங்கள். குளோர்பெனிரமின் (தும்மல், மூக்கு ஒழுகலுக்கு), ஃபினைலெஃப்ரின் (மூக்கடைப்புக்கு) இவற்றோடு பல சிரப்புகளில் காய்ச்சல் மருந்தான பாராசிட்டமாலும் இருக்கும். காய்ச்சல் பாட்டிலிலும் அதே மருந்து இருந்தால், இரண்டையும் கொடுக்கும்போது அளவு கூடிவிடும். அமெரிக்கச் சொந்தக்காரர் கொண்டுவந்த பாட்டிலில் அதற்கே அசிட்டமினோஃபென் என்று பெயர்.

குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த கலவையை 4 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரக்கூடாது என்று லேபிளில் அச்சிடச் சொல்லி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. பலர் கண்ணில் அது படுவதே இல்லை.

பாராசிட்டமால் அளவு வயதுக்கல்ல, எடைக்கு: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம், நாளுக்கு 4 வேளைக்கு மேல் வேண்டாம். 12 கிலோ குழந்தைக்கு அதிகபட்சம் 180 மில்லிகிராம். 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 7.5 மில்லி, 250 உள்ளதென்றால் 3.6 மில்லிதான். கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தோ இன்னும் கெட்டி, பெரும்பாலும் ஒரே மில்லியில் 100. சிரப் என்று நினைத்து 5 மில்லி ஊற்றினால் 500 உள்ளே போய்விடும். வீட்டு ஸ்பூன் வேண்டாம். ஊசியில்லாத சிரிஞ்ச் எடுங்கள்.

கூடினால் என்ன ஆகும்? கல்லீரல் பாராசிட்டமாலைச் சிதைக்கும்போது கொஞ்சம் நச்சும் உண்டாகிறது. கல்லீரலில் இருக்கும் குளுட்டத்தயோன் என்ற பொருள் அதை அடக்கிவிடும். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாத குழந்தையிடம் அந்தக் கையிருப்பே குறைவு. முதல் நாள் வெறும் வாந்தி, சோர்வு. காய்ச்சலால்தான் என்று தோன்றும். கல்லீரல் பாதிப்பு வெளியே தெரிய இரண்டு மூன்று நாளாகும். முறிமருந்தான அசிட்டைல்சிஸ்டீன் முதல் 8 மணி நேரத்துக்குள் போட்டால்தான் நன்றாகக் கேட்கும்.

காய்ச்சல் இறங்கவில்லையே என்று நாமாக ஐபுபுரொஃபென், மெஃபெனமிக் அமிலம் போன்ற வேறு காய்ச்சல் மருந்துகளைச் சேர்ப்பதும் தப்பு. டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டும்; வாந்திபேதியில் உடம்பு வற்றியிருந்தால் சிறுநீரகத்தைத் தாக்கும். ஆஸ்பிரின் கூடவே கூடாது. அமாக்ஸிசிலின் போன்ற ஆன்டிபயாட்டிக்கோடு பாராசிட்டமாலுக்குச் சண்டையில்லை. வலிப்புக்கோ காசநோய்க்கோ குழந்தை மருந்து சாப்பிட்டால் மட்டும் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

அம்மா ஒரு வேளை, அது தெரியாமல் பாட்டி ஒரு வேளை என்று கொடுத்துவிடுவதும் உண்டு. எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி என்று ஃப்ரிட்ஜில் சீட்டு ஒட்டுங்கள். அளவு மீறியதாகச் சந்தேகம் வந்தால், குழந்தை ஓடியாடிக்கொண்டிருந்தாலும் காத்திருக்காதீர்கள். கொடுத்த பாட்டில்களையும் அந்தச் சீட்டையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.