பருவம் மாறும்போது சமையலறையும் கொஞ்சம் மாறட்டும்

வீட்டு உள்ளலங்கார வேலையில் இருப்பதால், "சமையலறையை அழகாக்க என்ன வாங்கலாம்?" என்று கேட்காதவர்கள் குறைவு. பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன்: இப்போது மேடைமேல் இருக்கும் பொருட்களில் இந்த வாரம் எவற்றையெல்லாம் கையில் எடுத்தீர்கள்? பெரும்பாலும் பாதிப் பொருட்களை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். வெயில் காலத்தில் வெளியே வந்த ஜூஸர் மழைக்காலத்திலும் அங்கேயே நிற்கும். குளிருக்கு எடுத்த பெரிய பாத்திரம் கோடையிலும் அடுப்பை ஒட்டியே இருக்கும். அதற்கு மேல் ஒரு பூந்தொட்டியையும் நான்கு அலங்கார ஜாடிகளையும் வைத்தால் அழகு வராது, நெரிசல்தான் வரும்.

இன்றைய மாடுலர் கிச்சனுக்கு முன்னோடி என்று சொல்லப்படுவது ஃபிராங்க்ஃபர்ட் கிச்சன். 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. மிகச் சின்ன அறை. ஆனால் எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்பது யோசித்து முடிவானது. மாவு வைக்கும் டப்பாவைக்கூடப் புழு அண்டாமல் இருக்க ஓக் மரத்தில் செய்தார்கள். பொருளின் குணம் பார்த்து இடம் கொடுக்கும் அந்தப் பாடத்தை நான் இன்றும் பின்பற்றுகிறேன். அதோடு ஒன்றே ஒன்றைச் சேர்த்துக்கொள்வேன்: பொருளின் குணம் பருவத்துக்குப் பருவம் மாறும். ஆகவே இடமும் மாற வேண்டும்.

அதனால் நான் அமைக்கும் சமையலறைகளில் கண் உயரத்தில் ஒரு திறந்த தட்டைக் காலியாக விடச் சொல்வேன். அதுதான் பருவத் தட்டு. அந்தப் பருவத்தில் தினமும் கைக்கு வரும் பொருட்கள், அந்தப் பருவத்தின் ஒரு நிறம், பிடித்தால் ஒரு செடி, அவ்வளவுதான். பருவம் முடிந்ததும் அதில் உள்ளவை பரணுக்குப் போகும், பரணில் இருப்பவை இங்கே வரும். மற்ற அலமாரிகளைக் கலைக்கவே வேண்டாம். வாடகை வீடு, சுவரில் துளை போட முடியாது என்றால் மேடையின் ஒரு மூலையில் ஒரு தட்டை (டிரே) வைத்தாலும் போதும். தூக்கித் துடைப்பதும் சுலபம்.

வெயில் காலத்தில் முதலில் இடம் மாற வேண்டியது எண்ணெய். வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் எண்ணெயைச் சிக்கு வாடைக்குத் தள்ளும். அடுப்புக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பாட்டில்களை வரிசையாக நிறுத்துவது படத்தில் பார்க்க அழகுதான். ஆனால் பெரிய பாட்டிலை இருட்டான அலமாரியில் வைத்துவிட்டு, சில நாளுக்குத் தேவையானதை மட்டும் சின்ன ஜாடியில் வெளியே வையுங்கள். உருளைக்கிழங்கையும் வெளிச்சம் படாத, காற்றோட்டமான கூடைக்கு மாற்றுங்கள். வெளிச்சம் பட்டால் அது பச்சையாகும். அப்படிப் பச்சையான இடத்தில் சோலனைன் என்ற நச்சும் கூடியிருக்கும். வெங்காயத்துக்குத் தனிக் கூடை. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் இரண்டுமே சீக்கிரம் கெடும்.

சமைத்த உணவை 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் நெடுநேரம் விடக் கூடாது. கிருமிகள் வேகமாகப் பெருகுவது அந்த இடைவெளியில்தான். வெளியே வைக்கும் நேரம் 2 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான விதி. வெப்பம் 32 டிகிரிக்கு மேல் போகும் நாட்களில் அது 1 மணி நேரம்தான். இதற்கும் ஒழுங்குக்கும் என்ன சம்பந்தம் என்றால், மூடியோடு கூடிய ஆழமில்லாத டப்பாக்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால்தான் மீந்தது உடனே ஃப்ரிட்ஜுக்குப் போகும். ஐந்து டப்பாக்களை எடுத்து மூடியைத் தேட வேண்டியிருந்தால், அது மேடையிலேயே கிடக்கும். அலங்காரத்துக்கு, இந்தப் பருவத்தில் கனத்த திரையை இறக்கிவிட்டு மெல்லிய வெளிர் நிறத் துணி போட்டாலே அறை குளுமையாகத் தெரியும்.

என் அனுபவத்தில் சமையலறை அதிகம் பாழாவது மழைக்காலத்தில்தான். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினாலே உப்பு நீரை இழுத்துக் கசிய ஆரம்பித்துவிடும். அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை பரவுவது குறையும். ஆனால் சிங்கின் அடி அலமாரியில் அந்த அளவு நிற்காது. ஒரு வீட்டில் "என்ன கழுவியும் வாடை போகவில்லை" என்று கூப்பிட்டார்கள். அந்த அலமாரியின் உட்புறம் முழுக்கப் பூப்போட்ட ஒட்டுத்தாள்; பார்க்கப் புத்தம் புதிதாக இருந்தது. ஒரு முனையை உரித்தால் பின்னால் பலகை முழுக்கக் கறுப்பு. குழாய் இணைப்பில் சொட்டிய நீர் தாளுக்கும் பலகைக்கும் நடுவில் போய், காய வழியில்லாமல் நின்றிருக்கிறது. தாள் ஈரத்தைத் தடுக்கவில்லை, நம் கண்ணிலிருந்துதான் மறைத்தது. சிங்குக்கு அடியில் எதையும் ஒட்டாதீர்கள். எடுத்துக் கழுவக்கூடிய ஒரு பிளாஸ்டிக் தட்டு வையுங்கள். சொட்டுகிறதா என்று அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பிரம்புக் கூடை, சணல் விரிப்பு, மரக் கரண்டி மாட்டிய சுவர் எல்லாம் கோடைக்கு அருமை. மழையில் இவை பூஞ்சை பிடிக்கும். நன்றாகக் காயவைத்துப் பரணில் ஏற்றிவிட்டு, அந்த இடத்தில் கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் கம்பிக் கூடை என்று மாற்றுங்கள். மேகமூட்டமான நாளில் கண்ணாடியும் பளபளப்பான பாத்திரமும் இருக்கிற வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தரும். அறை சட்டென்று மாறியது போல இருக்கும். காய்கறி வெட்டும் பலகையைச் சுவரில் படுக்கவைத்துச் சாய்க்காமல், இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி நிறுத்தி வையுங்கள்.

தானியத்தைப் பெரிய டப்பாவில் மொத்தமாகக் கொட்டாமல் சிறிய டப்பாக்களாகப் பிரியுங்கள். ஒன்றில் வண்டு வந்தாலும் மற்றவை தப்பும். சில வண்டுகள் தானிய மணிக்குள்ளேயே முட்டையிடும். சலித்தாலும் அவை போகாது. ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் 4 நாள் வைத்தால் முட்டையும் சேர்ந்து அழியும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். குளிர் முழுக்கத் தணிந்த பிறகு திறந்தால்தான் உள்ளே நீர் கோக்காது. பழைய தானியத்தின் மேல் புதியதைக் கொட்டும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

குளிர்காலத்துக்கு அழகு கூட்டுவது சுலபம். 2700 முதல் 3000 கெல்வின் (விளக்கு வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) வரையுள்ள மஞ்சள் கலந்த விளக்கு, அடர் நிறத் துண்டு, சன்னல் ஓரச் செடிகள். துளசி வகைச் செடிகளுக்குக் கடுங்குளிர் ஆகாது. இரவில் கண்ணாடியை ஒட்டி வைக்காமல் உள்ளே நகர்த்துங்கள். வெட்டும் இடத்தில் மட்டும் 4000 கெல்வின் அளவிலான வெள்ளை விளக்கு இருக்கட்டும், கத்தி பிடிக்கும் கைக்குத் தெளிவு வேண்டும்.

ஆனால் எனக்கு மிகவும் பயம் தருவதும் இந்தப் பருவம்தான். குளிருக்குப் பயந்து எல்லாச் சன்னலையும் அடைத்துவிட்டுச் சமைக்கிறோம். கேஸ் எரியும்போது நீராவி, நைட்ரஜன் டை ஆக்சைடு எல்லாம் வெளிவரும். சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும், ஒரு சன்னலாவது திறந்திருக்கட்டும். அடுப்பை எரியவிட்டு அறையைச் சூடேற்றவே கூடாது. அப்புறம், சிலிண்டரில் வரும் எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். சிலிண்டர் அலமாரிக் கதவின் கீழே இருக்கும் துளைகள் அதற்காகத்தான். அந்தத் துளைகள் அசிங்கமாகத் தெரிகின்றன என்று மிதியடியாலோ கூடையாலோ அலங்காரத் தாளாலோ மூடியிருப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இன்றைக்கே உங்கள் வீட்டில் குனிந்து பாருங்கள். மூடியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

தொங்கும் காகிதத் தோரணம், காய்ந்த பூங்கொத்து, நீளமான திரை எதுவும் அடுப்பிலிருந்து 1 மீட்டருக்குள் வரக் கூடாது. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் பாத்திரங்களைப் பின்பலகை வரை அடைக்காமல் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். குளிர்ந்த சுவரில் நீராவி படிந்து ஈரமாகும் இடம் அது. சாமான்களை இடம் மாற்றும் அன்று, அலமாரி காலியாக இருக்கும்போதே துடைத்து, கதவைத் திறந்துபோட்டு நன்றாகக் காயவிட்ட பிறகு அடுக்குங்கள்.