பத்து சதவீத வேகம், நாற்பது சதவீத வெப்பம்: ஓவர்கிளாக்கின் கணக்கு

"குறைந்த பட்ஜெட்டில் கேமிங் கம்ப்யூட்டர் ஒன்று சேர்க்கிறேன். விலை குறைந்த ப்ராசசராக வாங்கி ஓவர்கிளாக் செய்துகொண்டால் விலை உயர்ந்ததன் வேகம் வந்துவிடும் என்கிறான் நண்பன். நம்பலாமா சார்?" என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருந்தார்.

ப்ராசசரைத் தயாரிப்பவர் குறித்த வேகத்துக்கும் மேலே ஓடவைப்பதுதான் ஓவர்கிளாக். நண்பர் சொன்னது பொய்யில்லை, கொஞ்சம் பழைய உண்மை. 1998-ல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ என்ற மலிவு ப்ராசசரில் பெருக்கி 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. மதர்போர்டு தரும் 66 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத் துடிப்பை 4.5-ஆல் பெருக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ். அந்த 66-ஐ 100 ஆக்கினால்? 450. ஏராளமான சிப்புகள் முணுமுணுக்காமல் அந்த வேகத்தில் ஓடின. ஒன்றரை மடங்கு வேகம், சும்மா! அடுத்த சில ஆண்டுகளில் ஏஎம்டியின் அத்லான், டியூரான் சிப்புகள் வந்தன. பெருக்கியைப் பூட்டுவதற்காக அவற்றின் மேற்பரப்பில் வெட்டிவிடப்பட்டிருந்த நுண்ணிய இணைப்புகளைச் சாதாரணப் பென்சிலால் கோடு போட்டே சேர்த்துவிட்டார்கள். பென்சிலுக்குள் இருப்பது கிராஃபைட், மின்சாரத்தைக் கடத்தும்.

அந்தக் காலம் ஏன் போனது என்பதுதான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையை முடித்துவிடலாம், அதில் பெரிய மர்மம் ஒன்றும் கிடையாது.

விளையாட்டின் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும், இரண்டு பேர் உழைக்கிறார்கள். எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பாய்கிறது, எதையெல்லாம் வரைய வேண்டும் என்று கணக்குப் பார்த்துப் பட்டியல் போடுவது ப்ராசசர். பட்டியலைப் படமாக்குவது கிராபிக்ஸ் கார்டு. இவர் இந்த ஃப்ரேமை வரைந்துகொண்டிருக்கும்போதே அவர் அடுத்ததற்குப் பட்டியல் எழுதிக்கொண்டிருப்பார். ஆகவே இருவரில் யார் மெதுவோ அவர் வேகம்தான் விளையாட்டின் வேகம். விநாடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒவ்வொருவருக்கும் 16.7 மில்லிவிநாடி அவகாசம். 144 வேண்டுமென்றால் வெறும் 6.9. ரெசல்யூஷனை, அதாவது படத்திலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கையை, ஏற்றினால் சுமை விழுவது கார்டின் தலையில். 1920×1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், 4கே திரையில் அதைப்போல நான்கு மடங்கு. ப்ராசசருக்கோ இரண்டிலும் ஏறக்குறைய ஒரே வேலை.

அதனால் மானிட்டரிலிருந்து தொடங்குங்கள். எந்தத் திரை, விநாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்று முடிவுசெய்துவிட்டு, பணத்தின் பெரும் பங்கைக் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்குங்கள். ப்ராசசருக்கு ஆறு கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) போதும். ரேமை ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டாக வாங்குங்கள். டிடிஆர்4-3200 ரேம் ஒரு சேனலில் (தகவல் போகும் பாதையில்) விநாடிக்கு 25.6 ஜிகாபைட் கடத்தும், இரண்டு சேனலில் 51.2. எஸ்.எஸ்.டி. கட்டாயம். கேபினட்டில் கண்ணாடியும் வண்ண விளக்கும் இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பக்கம் காற்று நுழைய வலை இருக்கிறதா என்று பாருங்கள்.

"இந்த ப்ராசசரோடு இந்தக் கார்டு 17.3 சதவீதம் பொருந்தவில்லை" என்று தசமப் புள்ளியோடு சொல்லும் கணிப்பான்கள் உண்டு. அது ஜாதகப் பொருத்தம்தான், பெயர் மட்டும் ஆங்கிலத்தில். எந்த விளையாட்டு, எந்த ரெசல்யூஷன் என்று கேட்காமல் எப்படிப் பொருத்தம் சொல்ல முடியும்? நீங்களே இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். ரெசல்யூஷனைப் பாதியாகக் குறையுங்கள். ஃப்ரேம் எண்ணிக்கை துள்ளி ஏறினால் இதுவரை கார்டுதான் திணறியது. அசையவே இல்லையென்றால் ப்ராசசர்.

பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நான் பட்டிருக்கிறேன். என் பழைய மெஷின் விளையாட ஆரம்பித்துப் பத்தாவது நிமிடம் பட்டென்று அணைந்துவிடும். மூன்று வாரம் ரேமைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பவர் சப்ளையின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படித்தேன். மேலே கொட்டை எழுத்தில் 500 வாட். கீழே பொடி எழுத்தில், 12 வோல்ட் இணைப்பில் 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட். ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டைத்தான். மீதி வாட்டெல்லாம் யாரும் கேட்காத 5 வோல்ட், 3.3 வோல்ட் இணைப்புகளில் அலங்காரமாக இருந்தது. வாங்கும் முன் அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

இனி எனக்குப் பிடித்த இடம்.

ப்ராசசர் 4.5 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது என்றால் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே 0.22 நானோவிநாடி. அதற்குள் வெற்றிடத்தில் ஒளியே 6.7 சென்டிமீட்டர்தான் போகும். இந்த நேரத்துக்குள் சிப் என்ன செய்கிறது? 99999-உடன் 1-ஐக் கூட்டிப்பாருங்கள். ஒன்றாம் இடத்தில் பத்து, கையில் ஒன்று. பத்தாம் இடத்தில் மறுபடி பத்து, கையில் ஒன்று. அந்த 'கையில் ஒன்று' கடைசி இலக்கம் வரை ஓடி முடிந்தால்தான் விடை சரி. சிப்புக்குள்ளும் இதே ஓட்டம், டிரான்சிஸ்டர் விட்டு டிரான்சிஸ்டராக. ஓட்டம் முடிந்ததா என்று கடிகாரம் விசாரிக்காது. துடிப்பு வந்ததும் அந்த நொடியில் கம்பியில் இருப்பதை ஃப்ளிப்-ஃப்ளாப் என்ற குட்டி நினைவுச் சுற்று பிடித்துவைத்துக்கொள்ளும். ஓட்டம் பாதியில் இருந்தால் தப்பு விடையையே பிடித்துவைக்கும்.

இன்றைய சிப்புகள் இந்த ஓட்டத்துக்குக் குறுக்குவழிகள் வைத்திருக்கின்றன என்றாலும், ஏதோ ஒரு பாதை மற்றவற்றைவிட நீளமாக இருந்தே தீரும். அதன் நேரம்தான் மொத்த சிப்பின் உச்ச வேகத்தைத் தீர்மானிக்கும். ஓவர்கிளாக் செய்த மெஷின் மூன்று மணி நேரம் அழகாக ஓடிவிட்டுத் திடீரென நீலத் திரை காட்டுவது இதனால்தான். 45-ஐயும் 12-ஐயும் கூட்டும்போது நீளமான பாதைக்கு வேலையே இல்லை; 99999 போன்ற ஒரு எண் அகப்பட்டதும் மாட்டிக்கொள்கிறது. இன்னும் மோசம், நீலத் திரை காட்டாமலே ஏதோ ஒரு கோப்பில் ஒரு பிட் மாறிப்போய்க் கிடப்பது.

சரி, பாதையை வேகப்படுத்த முடியாதா? முடியும். டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் முனையான கேட் ஒரு குட்டி மின்தேக்கி. 1 என்பது நிறைகுடம், 0 என்பது காலிக்குடம். முந்தைய டிரான்சிஸ்டர் குழாய்போல இந்தக் குடத்தை நிரப்ப வேண்டும், அல்லது காலிசெய்ய வேண்டும். மின்னழுத்தத்தை ஏற்றினால் குழாயில் வேகமாகப் பாயும், குடம் சீக்கிரம் நிரம்பும், அடுத்த துடிப்பை முன்னதாகவே அனுப்பலாம். ஓவர்கிளாக் செய்பவர்கள் பெருக்கியோடு வோல்டேஜையும் ஏற்றுவது இதற்காகத்தான்.

இங்கேதான் பள்ளி இயற்பியல் வந்து வழிமறிக்கிறது. மின்தேக்கியை நிரப்ப மூலம் கொடுக்கும் ஆற்றல், மின்தேக்குத்திறனை மின்னழுத்தத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைப்பது. அதில் பாதிதான் மின்தேக்கியில் தங்கும். மறுபாதி நிரப்பும் வழியிலேயே சூடாகிப் போய்விடும். வழியிலுள்ள மின்தடையைக் குறைத்தால் அந்த நஷ்டம் குறையும் என்றுதானே தோன்றுகிறது? குறையாது. மின்தடையை நூறில் ஒன்றாக்கினாலும் அதே பாதி போகும். தடை குறைந்தால் மின்னோட்டம் அதிகம், நேரம் குறைவு. இரண்டும் ஒன்றையொன்று சரியாகச் சமன்செய்துவிடும். முதன்முதலாக இதைத் தாளில் தொகையிட்டுப் பார்த்து, மின்தடைக்கான எழுத்து விடையிலிருந்து மறைந்துபோனதைக் கண்டபோது எங்கோ தப்புப் பண்ணிவிட்டேன் என்று திரும்பப் போட்டேன். இரண்டாம் முறையும் மறைந்தது. தங்கிய பாதியும் குடத்தைக் காலிசெய்யும்போது சூடாகிவிடும் என்பதால், கணக்கு முடியும்போது முழுதும் வெப்பம்.

தப்பிக்க ஒரே வழி, மின்னழுத்தத்தை ஒரேயடியாகக் கொடுக்காமல் மெதுவாக ஏற்றிக்கொண்டே நிரப்புவது. எவ்வளவு மெதுவோ அவ்வளவு நஷ்டம் குறைவு. இந்த வழியில் சிப் செய்ய முயலும் ஆராய்ச்சி பல பத்தாண்டுகளாக ஓரமாக நடந்துகொண்டிருக்கிறது. ஒரு பிட்டை அழிப்பதற்கு இயற்கை கேட்கும் குறைந்தபட்ச வெப்பத்தை 1961-லேயே இயற்பியலாளர் ரால்ஃப் லாண்டவர் கணக்கிட்டுவிட்டார். நம் சிப்புகள் அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம் செலவழிக்கின்றன. இத்தனை இடைவெளி இருக்கும் துறைக்குப் பணத்தை அள்ளிக் கொடுக்க வேண்டாமா? உடனே விற்கும் பொருளாக மாறாத ஆராய்ச்சிக்குக் காசு கொடுக்க யாருக்கும் பொறுமை இல்லை. என் ஆதங்கம் இது, விட்டுவிடுகிறேன்.

கணக்குக்கு வருவோம். வெப்பம், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறும், துடிப்பின் வேகத்தோடும் ஏறும். நான் ஒருமுறை 4.2 கிகாஹெர்ட்ஸில் 1.20 வோல்ட்டில் ஓடிய ப்ராசசரை 4.6-க்கு ஏற்றினேன். 4.3 ஓடியது. 4.4-ல் சோதனை நிரல் இருபது நிமிடத்தில் பிழை காட்டியது. வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, 1.35-ல் 4.6 நின்றது. வேகம் ஒன்பதரை சதவீதம் கூடியது. வெப்பம்? 1.095-ஐ 1.266-ஆல் பெருக்குங்கள்: சுமார் 39 சதவீதம். சூடு ஏற ஏற, மூடிய டிரான்சிஸ்டர்களிலும் மின்சாரம் கசியும் என்பதால் உண்மைக் கணக்கு இன்னும் மோசம். இவ்வளவும் செய்து விளையாட்டைத் திறந்தால், ஃப்ரேம் 71-லிருந்து 73. திணறிக்கொண்டிருந்தது கிராபிக்ஸ் கார்டு. நான் விசிறிக்கொண்டிருந்தது ப்ராசசருக்கு.

செலரான் 300ஏ-க்கு மட்டும் எப்படி ஒன்றரை மடங்கு கிடைத்தது? தயாரிப்பவர் ஒரு சிப்பின் வேகத்தை நிர்ணயிக்கும்போது, அந்த வகையிலேயே சோம்பலான சிப், புழுக்கமான அறை, பல வருடப் பழசு எல்லாவற்றையும் மனதில் வைத்துச் சந்தேகத்துக்கு இடம் விட்டே எண்ணை எழுதுவார். அன்று அந்த இடைவெளி அகலம். இன்றைய சிப், தன் சூட்டையும் மின்னோட்டத்தையும் உள்ளேயே அளந்து, இடம் இருந்தால் தானே வேகத்தை ஏற்றிக்கொள்கிறது. பூஸ்ட் என்று பெட்டியில் போட்டிருப்பது அதைத்தான். ஓவர்கிளாக்கைத் தயாரிப்பவரே செய்து விற்றுவிட்டார். நமக்கு விட்டுவைத்தது வழித்த பாத்திரம்.

அந்த மிச்சத்துக்கும் விலை உண்டு. இன்டெல்லில் பெருக்கி திறந்த, பெயரின் கடைசியில் கே எழுத்து வரும் ப்ராசசரும் இசட் வரிசை மதர்போர்டும் வேண்டும். ஏஎம்டி ரைசனில் பெரும்பாலான ப்ராசசர்கள் திறந்தே வருகின்றன, ஆனால் ஏ520 போன்ற அடிமட்ட போர்டுகளில் முடியாது. இரண்டுக்கும் பெரிய கூலர். இந்த அதிகப்படியான பணத்தைக் கூட்டினால் அடுத்த நிலை கிராபிக்ஸ் கார்டுக்கான வித்தியாசம் பெரும்பாலும் தேறிவிடும். ஆகவே தம்பி, அங்கே போடுங்கள்.

கை அரித்தால் தலைகீழாகச் செய்துபாருங்கள். கிராபிக்ஸ் கார்டின் வேகத்தை 5 சதவீதம் குறைத்து, வோல்டேஜை 10 சதவீதம் குறைத்தால், அதே வர்க்கம் இந்த முறை நம் பக்கம் வேலை செய்யும்: மின்செலவு சுமார் 23 சதவீதம் குறையும், ஃபேன் சத்தமும் அடங்கும். இலவசமாக வேகமும் ஒன்று உண்டு. பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) ரேமுக்கான எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்ற வரியை இயக்கிவிடுங்கள். இல்லையென்றால் 3200 என்று வாங்கிய ரேம் 2133-லோ 2666-லோ தூங்கிக்கொண்டிருக்கும்.

மறக்காமல் திரை அமைப்புக்குள் போய் ரெஃப்ரெஷ் ரேட்டையும், அதாவது திரை விநாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதையும், பார்த்துவிடுங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, நான்கு மாதம் அதை 60-லேயே ஓட்டிக்கொண்டு, "ஆகா, என்ன வழுவழுப்பு!" என்று மெச்சிக்கொண்டிருந்த ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்தான் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறார்.