ஆலைகள் ஓடின, தட்டுகள் காலி: அமெரிக்காவின் .22 தோட்டாத் தட்டுப்பாடு

உலகில் மிக மலிவாகவும் மிக அதிகமாகவும் விற்கும் துப்பாக்கித் தோட்டா .22 லாங் ரைஃபிள் (.22 என்பது அங்குலத்தில் குண்டின் விட்டம், ஏறக்குறைய). மொத்த நீளம் ஓர் அங்குலம். குண்டின் எடை ஏறக்குறைய இரண்டரை கிராம். அமெரிக்காவில் சுடப் பழகுகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது பெரும்பாலும் இதைத்தான். முயல், அணில் வேட்டைக்கும் இதுதான். அப்படிப்பட்ட சாதாரணச் சரக்கு 2013 தொடக்கத்தில் அங்கே கடைத் தட்டுகளிலிருந்து காணாமல் போனது. சில மாதங்களில் திரும்பிவிடும் என்றார்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது.

இத்தனைக்கும் எந்த ஆலையும் மூடவில்லை. பித்தளையோ ஈயமோ தீரவில்லை. தயாரிப்பாளர்கள் இரவு பகலாக இயந்திரங்களை ஓட்டினார்கள். 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கித் தோட்டாவும் அதே நேரத்தில்தான் மறைந்தது. ஆனால் அது வெகு முன்னதாகவே தட்டுக்குத் திரும்பிவிட்டது. .22 மட்டும் ஏன் வரவில்லை? இதில் பாதி விடை தோட்டாவின் அடிப்பகுதியிலேயே இருக்கிறது.

இன்றைய பெரும்பாலான தோட்டாக்களின் அடியில், நடு மையத்தில், ஒரு சிறு உலோகக் குப்பி தனியாகச் செருகப்பட்டிருக்கும். தீப்பொறி எழுப்பும் மருந்து அதில்தான் இருக்கும். .22 ‘ரிம்ஃபயர்’ வகை, அதாவது விளிம்பில் அடி வாங்கி வெடிப்பது. அதில் அந்தக் குப்பி கிடையாது. மெல்லிய பித்தளைக் கூட்டின் அடி விளிம்பு வெளியே மடிந்து, உள்ளே வெறுமையான ஒரு வளையமாக நிற்கும். பொறி மருந்து அந்த வளையத்துக்குள் அடைக்கப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி விளிம்பை அடித்து நசுக்கும். நசுங்கிய இடத்தில் மருந்து பற்றிக்கொள்ளும். அதன் சுடர் கூட்டுக்குள் உள்ள வெடிமருந்தைப் பற்றவைக்கும்.

எளிமையான ஏற்பாடு, மிகப் பழையதும்கூட. ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் 1857இல் தன் முதல் ரிவால்வரோடு கொண்டுவந்த .22 ஷார்ட் இந்த வகைதான். இப்போதைய லாங் ரைஃபிள் வடிவம் 1887இல் ஸ்டீவன்ஸ் நிறுவனத்திடமிருந்து வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் .44 அளவுள்ள பெரிய ரிம்ஃபயர் தோட்டாக்களும் இருந்தன. ஊசி அடித்து நசுங்க வேண்டுமானால் பித்தளை மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய பித்தளை பெரிய அழுத்தத்தைத் தாங்காது. அதனால் பெரியவை வழக்கொழிந்தன, சின்னது மட்டும் பிழைத்தது.

தொல்லை எல்லாம் அந்த வளையத்தை நிரப்புவதில் இருக்கிறது. பொறி மருந்து உலர்ந்த நிலையில் உரசினாலே வெடிக்கும். எனவே ஈரப்பதத்தோடு கூட்டுக்குள் வைத்து, கூட்டை வேகமாகச் சுழற்றி விளிம்புக்குள் ஏற்றி, பிறகு உலர்த்துகிறார்கள். ஊசி விளிம்பின் எந்தப் பக்கத்தில் அடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே வட்டம் முழுக்க மருந்து சமமாகப் பரவியிருக்க வேண்டும். ஓரிடத்தில் விட்டுப்போனால் அந்தத் தோட்டா வெடிக்காமல் போகலாம். வெடிக்காத .22ஐ வெளியே எடுத்துக் கொஞ்சம் திருப்பிப் போட்டுச் சுட்டால் சில நேரம் வெடித்துவிடும், காரணம் இதுதான்.

இந்த வேலைக்குத் தனி இயந்திர வரிசை வேண்டும், பாதுகாப்பான தனி அறைகள் வேண்டும், பழகிய கைகள் வேண்டும். 9 மி.மீ. செய்யும் வரிசையைத் திருப்பிவிட்டு .22 செய்ய முடியாது. அவசரத்துக்கு இன்னொரு பட்டறையிடம் வேலையைக் கொடுத்து வாங்கவும் வழியில்லை. அமெரிக்காவில் இதைப் பெருமளவில் செய்த ஆலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: ஐடஹோவின் லூயிஸ்டனில் சி.சி.ஐ., மினசோட்டாவின் அனோகாவில் ஃபெடரல், மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்டில் வின்செஸ்டர், ஆர்கன்சாவின் லோனோக்கில் ரெமிங்டன். இவற்றில் முதல் இரண்டும் ஒரே தாய் நிறுவனத்துடையவை. மெக்சிகோவின் அகீலாவும், போட்டித் தரத் தோட்டா செய்யும் பிரிட்டனின் ஈலியும் வெளியிலிருந்து கொஞ்சம் அனுப்பின.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மையத்தில் குப்பியுள்ள தோட்டாவைச் சுட்ட பிறகு கூட்டைப் பொறுக்கி, புதுக் குப்பி செருகி, வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். அமெரிக்காவில் நிறையப் பேர் அதைச் செய்கிறார்கள். ரிம்ஃபயரில் விளிம்பு நசுங்கிப் போயிருக்கும். சாதாரண ஆளுக்கு அது குப்பைதான். ஆக, .22 சுடுகிறவருக்குப் பதுக்கிவைக்க வெடிமருந்தும் கிடையாது, குப்பியும் கிடையாது. முழுத் தோட்டாவைத்தான் பதுக்க வேண்டும்.

சரி, பதுக்கல் எப்படித் தொடங்கியது? 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த சில வாரங்களில் துப்பாக்கிக் கட்டுப்பாடுகள் பற்றிய பேச்சு வாஷிங்டனில் சூடுபிடித்தது. தடை வருமுன் வாங்கிவிட வேண்டும் என்று கூட்டம் கடைகளுக்கு ஓடியது. 2013 ஏப்ரலில் முக்கியமான மசோதா செனட்டில் தோற்றது. பயத்தின் காரணம் அத்தோடு பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் தட்டுப்பாடு போகவில்லை. காரணம் போன பிறகும் விளைவு ஏன் தங்கியது என்பதுதான் இந்தக் கதையில் சுவாரசியமான இடம்.

ஒரு கற்பனைக் கணக்குப் போடலாம். .22 சுடுகிறவர்கள் ஒரு கோடிப் பேர் என்று வையுங்கள். இந்தத் தோட்டா வழக்கமாக 500 கொண்ட கட்டாக விற்கும். ஒவ்வொருவரும் வழக்கத்தைவிட ஒரே ஒரு கட்டு கூடுதலாக வீட்டில் இருக்கட்டும் என்று நினைக்கிறார்கள். அவ்வளவுதான், வெறியெல்லாம் இல்லை. மொத்தம் 500 கோடித் தோட்டாக்கள். ஆலைகள் வழக்கமான தேவையைச் செய்துகொண்டே, மூச்சுப் பிடித்து ஆண்டுக்கு 100 கோடி அதிகமாகச் செய்கின்றன என்றால், அந்த ஒரு கட்டு ஆசை நிறைவேற ஐந்து ஆண்டு ஆகும். அந்த ஐந்து ஆண்டும் கடைத் தட்டு காலியாகவே தெரியும். சுடுவது ஒரு தோட்டாகூடக் கூடவில்லை; இருப்பு மட்டும் கடையிலிருந்து வீட்டு அலமாரிக்கு இடம் மாறியிருக்கிறது.

அப்புறம், அந்த ஆசை ஒரே அளவில் நிற்பதில்லை. மாதம் 500 சுடுகிற ஒருவருக்கு எந்த வாரமும் கடையில் கிடைக்கும் என்றால் ஒரு கட்டே போதும். அடுத்து எப்போது கிடைக்குமோ, ஆறு மாதம் ஆகுமோ என்ற நிலையில் 3,000 வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். அவரைப் பேராசைக்காரர் என்று சொல்ல முடியாது. எந்தக் கிடங்கு மேலாளரும் இதே கணக்கைத்தான் போடுவார். ஆனால் எல்லோரும் இப்படிப் போட்டால் தட்டு இன்னும் காலியாகும், காத்திருப்பு இன்னும் நீளும், வைத்திருக்க வேண்டிய அளவு மறுபடி ஏறும். தட்டுப்பாடே தேவையைப் பெருக்கிக்கொண்டு போகும். பால், காய்கறியில் இது நீடிக்காது, கெட்டுப்போகும். ஈரம் படாமல், சூடு தாக்காமல் வைத்த தோட்டா பல பத்தாண்டுகள் அப்படியே இருக்கும். 500 தோட்டாக் கட்டு ஒரு செங்கல் அளவுதான் இருக்கும் என்பதால் இடப் பிரச்சினையும் கிடையாது.

இப்போது விலைக்கு வருவோம். 2012க்கு முன் ஒரு தோட்டா ஏறக்குறைய 4 சென்ட். ஒரு கட்டு 20 டாலருக்குள் அடங்கிவிடும். பாடப்புத்தகப் பொருளாதாரம் சொல்வது, சரக்கு குறைந்தால் விலை ஏறும், தேவை இறங்கும், தட்டில் மறுபடி சரக்கு நிற்கும் என்பது. பெரிய கடைகளில் அது நடக்கவில்லை. அவை விலையைக் கொஞ்சம்தான் ஏற்றின. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1986இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு விளக்கம் தருகிறது. பனிப்புயலுக்கு மறுநாள் ஒரு கடைக்காரர் 15 டாலர் பனிமண்வெட்டியை 20 டாலராக்கினால் நியாயமா என்று கேட்டார்கள். 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். நெருக்கடி நேரத்தில் விலை ஏற்றிய கடையை வாடிக்கையாளர் மறப்பதில்லை. பத்தாண்டு வாடிக்கையை ஒரு குளிர்காலத்து லாபத்துக்காக எந்தப் பெரிய கடை இழக்கும்?

விலைக்குப் பதிலாக அளவுக் கட்டுப்பாடு வந்தது. வால்மார்ட் 2013இல் ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று பெட்டி என்று வரம்பு வைத்தது. இந்த வரம்பு இன்னொரு வேலையும் செய்தது. ஒரு பெட்டி போதும் என்று வந்தவர்கூட, மூன்று தருகிறார்களே என்று மூன்றையும் எடுத்துக்கொண்டு போனார். சரக்கு லாரி எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்தவர்கள் கடை திறக்குமுன் வரிசையில் நின்றார்கள். ஆக, .22க்கு இரண்டு விலைகள் உருவாயின. ஒன்று அட்டைப் பெட்டியில் ஒட்டியிருந்த விலை. அதோடு காலை நேரத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மற்றொன்று அந்த வரிசையில் முதலில் நின்றவர் வார இறுதித் துப்பாக்கிச் சந்தையில் சொன்ன விலை: கட்டு 50 டாலர், சமயத்தில் அதற்கும் மேல்.

இப்படி வாங்கி விற்றவர்கள்மேல் சுடுகிறவர்களுக்கு வந்த கோபம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் இரண்டு விலைக்கும் நடுவில் அவ்வளவு பெரிய இடைவெளி இருந்தால் அதில் யாராவது புகுந்தே தீருவார்கள். கடைகள் முதல் நாளே விலையை மும்மடங்காக்கியிருந்தால் எல்லாம் தீர்ந்திருக்கும் என்று சில பொருளாதார ஆர்வலர்கள் சொல்வதையும் நான் முழுதாக நம்பவில்லை. விலை ஏறுவதைக் கண்டால் இன்னும் ஏறும் என்று வாங்கிக் குவிக்கிறவர்களும் உண்டு. பதுக்கலின் வேகம் குறைந்திருக்கும், நின்றிருக்காது.

அப்படியானால் ஆலைகள் ஏன் பெருகவில்லை? தயாரிப்பாளரின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். சில சென்டுக்கு விற்கும் பொருள். லாபம் மிக மெலிது. 2008 இறுதியில் ஒபாமா வெற்றி பெற்றபோதும் இதே போல ஓர் அலை வந்து, பிறகு தணிந்ததை அவர்கள் பார்த்திருந்தார்கள். புதிய ரிம்ஃபயர் வரிசை நிறுவி ஓடத் தொடங்குவதற்குள் இந்த அலையும் வடிந்துவிட்டால், கடனோடு வெறும் கட்டடம்தான் மிஞ்சும்.

கையில் வரும் ஆர்டர்களையும் அவர்களால் நம்ப முடியாது. கேட்டதில் கால்வாசிதான் வரும் என்று தெரிந்த கடைக்காரர் வேண்டியதைப்போல் நான்கு மடங்கு கேட்பார். அதையும் மூன்று மொத்த வியாபாரிகளிடம் கேட்பார். மொத்த வியாபாரி இதையெல்லாம் கூட்டி, தன் பங்குக்கும் கொஞ்சம் ஊதி, ஆலைக்கு அனுப்புவார். ஹாவ் லீ, பத்மநாபன், சுங்ஜின் வாங் மூவரும் 1997இல் சாட்டைச் சுண்டு விளைவை (கடையிலிருந்து ஆலை நோக்கிப் போகப் போக ஆர்டர்கள் ஊதிப் பெருகுவதை) ஆராய்ந்தபோது அதற்குச் சொன்ன நான்கு காரணங்களில் இந்தப் பங்கீட்டு விளையாட்டும் ஒன்று. கைப்பிடியில் சின்ன அசைவு, நுனியில் பெரிய வீச்சு. சரக்கு வரத் தொடங்கியதும் இந்தப் பொய் ஆர்டர்கள் ஒரே நாளில் ரத்தாகும். அந்த எண்ணை நம்பி ஆலை கட்டுகிறவர் பாவம்.

அரசாங்கமே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது என்று ஒரு வதந்தி அந்த நாட்களில் பலமாக ஓடியது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கொள்முதலை ஆராய்ந்த அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம், அத்துறை வாங்கும் தோட்டாக்கள் 2009க்குப் பிறகு குறைந்தே வந்திருக்கின்றன என்று 2014 ஜனவரியில் சொன்னது. மேலும் காவலர்கள் பணியில் எடுத்துச்செல்லும் துப்பாக்கிகள் .22 அல்ல. வதந்தி உண்மையாகவே இருந்தாலும், மிகக் கடுமையாகத் தட்டுப்பாடான சரக்குக்கு அது விளக்கமாகாது.

பேசப்படாத இன்னொரு காரணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெரிய தோட்டாக்களின் விலை ஏறியபோது பயிற்சிக்காகப் பலர் .22க்கு இறங்கி வந்தார்கள். ராணுவத் துப்பாக்கி சாயலுள்ள ஏஆர்-15 ரைஃபிள் போலவே தோற்றமுள்ள .22 துப்பாக்கிகள் 2009 வாக்கிலிருந்து நன்றாக விற்றுக்கொண்டிருந்தன. ஒவ்வொரு முறையும் கையால் தோட்டா ஏற்றிச் சுடும் பழைய ரைஃபிளில் 50 தோட்டா ஒரு மதியத்துக்குப் போதும். 25 தோட்டா மேகசீன் வைத்த அரைத் தானியங்கி வகையில் அது சில நிமிடம்.

2016இல் நிலைமை மெல்லத் தளர்ந்தது. அலமாரிகள் நிறைந்துவிட்டன, ஆலைகளின் உற்பத்தியும் கொஞ்சம் கூடியிருந்தது. அந்த நவம்பரில் டிரம்ப் வென்றதும் தடை பற்றிய பயம் ஒரே இரவில் வற்றியது. வீட்டில் ஆயிரக்கணக்கில் வைத்திருப்பவர் இனி எதற்குக் கடைக்குப் போவார்? விற்பனை சரிந்தது, தயாரிப்பாளர்கள் பணம் திருப்பித் தரும் சலுகைகளை அறிவித்தார்கள். விரிவாக்கத்துக்குத் தயங்கியவர்களின் கணக்கு தப்பில்லை என்பது அப்போது தெரிந்தது. 2018 மார்ச்சில் ரெமிங்டன் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. தோட்டா விற்பனைச் சரிவு மட்டும் அதற்குக் காரணமல்ல, பழைய கடன் சுமையும் இருந்தது.

இரண்டே ஆண்டில் சக்கரம் மறுபடி சுற்றியது. கோவிட், தெருக் கலவரங்கள், தேர்தல் எல்லாம் 2020இல் ஒன்றாக வந்தன. துப்பாக்கி வாங்குவோர் தொடர்பாக எஃப்.பி.ஐ. செய்யும் பின்னணிச் சோதனைகள் 2012இல் சுமார் 1.96 கோடி, 2020இல் 3.97 கோடி. தேவை உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த ஜூலையில் ரெமிங்டன் இரண்டாம் முறையாகத் திவால் நீதிமன்றத்தில் நின்றது. லோனோக் ஆலையை உள்ளடக்கிய அதன் தோட்டாத் தொழிலை, சி.சி.ஐ.யையும் ஃபெடரலையும் வைத்திருந்த விஸ்டா அவுட்டோர் 8.14 கோடி டாலருக்கு வாங்கியது. பெரிய ரிம்ஃபயர் ஆலைகள் நான்கில் மூன்று இப்போது ஒரே கூரையின்கீழ்.

இம்முறை .22 விலை ஏறினாலும், பெரிய அடி 9 மி.மீ. தோட்டாவுக்கும் பொறிக் குப்பிகளுக்கும்தான் விழுந்தது. முந்தைய சுற்றில் குவித்த .22 கட்டுகள் இன்னும் வீடுகளில் இருந்தது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். 2022 வாக்கில் .22 ஒன்று ஏறக்குறைய 7, 8 சென்டுக்கு நிலைத்தது. 2012க்கும் 2022க்கும் நடுவில் அமெரிக்காவின் பொது விலைவாசி 27 சதவீதம் போல உயர்ந்தது. அந்தக் கணக்கில் பழைய 4 சென்ட் 5 சென்டுக்குச் சற்று மேல் வந்திருக்க வேண்டும். மிச்சமுள்ள இரண்டு, மூன்று சென்டும் விலையிலேயே தங்கிவிட்டது.